இரு கரைகளும் ஓர் இறைகூடையும்

நீரின் பி.எச். அளவைக் காட்டும் மானியையும், அதன் உப்புத்தன்மையைக் காட்டும் மின்கடத்துமானியையும் ஒரே தொட்டியில் இறக்கி, இரண்டுக்கும் ஒரே மூலத்திலிருந்து மின்சாரம் கொடுத்தால், அவற்றுள் ஒன்று பொய் சொல்லத் தொடங்கும். எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறை இறால் தொட்டிகளில் நிகழ்ந்தது இதுதான். மின்கடத்துமானி வெளியே இருந்தவரை பி.எச். மானி 8.1 என்றது. மின்கடத்துமானியையும் நீருக்குள் விட்ட மறுநொடி 7.4 என்றது. வெளியே எடுத்தால் மீண்டும் 8.1. நீர் என்னவோ அதே நீர்தான்.

காரணம் சொல்வது எளிது. மின்கடத்துமானி தன் இரு முனைகளுக்கிடையே நீரின் வழியாகச் சிறு மாறுமின்னோட்டம் ஒன்றைச் செலுத்தி அளக்கிறது. பி.எச். மானியின் கண்ணாடி முனையோ, 25 பாகை வெப்பத்தில் ஓரலகு பி.எச். வேறுபாட்டுக்கு வெறும் 59 மில்லிவோல்ட் அளவே தருவது. மிக மெல்லிய குரலுடையது. இரண்டுக்கும் தரை ஒன்றாக இருக்கும்போது, முன்னதன் மின்னோட்டத்தில் ஒரு பகுதி பின்னதன் ஒப்பீட்டு முனை வழியாக வீடு திரும்புகிறது. மெல்லிய குரல் அந்த இரைச்சலில் அடங்கிவிடுகிறது. இருவரும் ஒரே நீரில் நிற்கலாம். ஒரே தரையில் நிற்கலாகாது.

0.7 தானே என்று விட்டுவிட முடியாத இடம் இது. இறாலின் கழிவிலிருந்து நீரில் சேரும் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கும். அயனியாகிய வடிவம் பெருந்தீங்கு செய்வதில்லை. அயனியாகாத வடிவமே நஞ்சு. பி.எச். ஓரலகு ஏறினால் அந்த நஞ்சின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும், 0.7 ஏறினால் ஐந்து மடங்கு. ஆகவே உண்மையில் 8.1 ஆக இருக்கும் நீரை 7.4 என்று நம்பிக் கணக்கிடும் ஆய்வு மாணவிக்கு, இருக்கும் நஞ்சில் ஐந்தில் ஒரு பங்குதான் கண்ணில் படும். ஏட்டில் எல்லாம் நலமாக இருக்கும். தொட்டியின் அடியில் இறால் செத்துக் கிடக்கும்.

நாங்கள் என்று இக்கட்டுரை குறிப்பது இருவரை. ஒருவர் இயற்பியல் துறை. மற்றவர் தமிழ்த்துறை, அறிவியல் தமிழ்த் தாளை நடத்த வேண்டி வந்ததால் கலைச்சொல் தேடி இயற்பியல் ஆய்வகத்துக்குள் நுழைந்து, ஈயம் உருகும் வாசனை பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டவர். பற்றவைக்கும் கை முன்னவருடையது. கணக்கை எழுதிச் சரிபார்த்து, ஏன், எதற்கு என்று நச்சரிக்கும் வாய் பின்னவருடையது. மாணவி எங்களிடம் வந்தார். பன்னிரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் இரு மானிகள், இரவும் பகலும் ஓட வேண்டும், மின்வெட்டின்போதும் மின்கலத்தில் ஓட வேண்டும். பி.எச். மானிக்கு மட்டும் தனித்தரையும் தனி மின்வழங்கியும் செய்துகொடுக்க இயலுமா என்று கேட்டார்.

வேலை தொடங்குமுன் இன்னொரு செய்தி வந்தது. தொட்டிகளைக் கழுவும் ஆய்வக உதவியாளர், எங்கள் இருவரையும்விட மூத்தவர், போகிற போக்கில் சொன்னார்: "சார், மூணாம் தொட்டில கைவிட்டா எறும்பு ஊருற மாதிரி இருக்கு."

"எப்பலேருந்துண்ணே?"

"அது ஒரு மாசமா இருக்கும் சார்."

காற்றூட்டும் மோட்டாரின் உள்ளிருந்து நீருக்குள் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. அன்றே அதைக் கழற்றினோம். புவித்தொடர்பைச் சரிபார்த்து, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்பையும் மாட்டச் செய்தோம். ஆயினும் அந்த எறும்பு எங்கள் நினைவிலிருந்து இறங்கவில்லை. இனி நாங்கள் அந்த நீருக்குள் விடும் எந்தக் கம்பியும் அந்தக் கைக்கு அருகே இருக்கப்போகும் கம்பி. அளவு சரியாக வருவது மட்டும் போதாது என்பது அப்போது தெளிவாயிற்று.

தனி மின்வழங்கிக்கு வழிகள் பல. முதலில் தோன்றுவது தனி மின்கலம். அக்கரையில் இருக்க வேண்டிய மிகைப்பான், சிறு நுண்கட்டுப்படுத்தி, செய்தியை இக்கரைக்கு அனுப்பும் தனிமைப்படுத்தி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 2 மில்லிஆம்பியர் தேவை. சி.ஆர். 2032 என்னும் வட்டக்காசு மின்கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர் மணி. ஐந்து நாள் தாங்காது. பன்னிரண்டு தொட்டிகளுக்கு ஐந்து நாளைக்கொரு முறை மின்கலம் மாற்றுவது ஆராய்ச்சியாகாது, பூசாரி வேலை.

அடுத்தது கடையில் கிடைக்கும் 1 வாட் மின்மாற்றிப் பெட்டிகள். விரற்கடையளவு கருப்புக் கட்டி. உள்ளே குட்டி மின்மாற்றி. நல்ல பொருள்தான், ஆனால் 200 மில்லிஆம்பியர் கேட்பவருக்காகப் பிறந்தது. பத்தில் ஒரு பங்குச் சுமையாவது இல்லாவிட்டால் வெளியீட்டு வோல்ட் மேலே ஏறும் என்று அதன் தரவுத்தாளே சொல்லும். சும்மா இருப்பதற்கே நமக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு தின்னும். கல்யாண அண்டாவில் ஒருவருக்குக் கஞ்சி காய்ச்சுவது போன்றது.

சிறு வளையக் கருவில் கையால் கம்பி சுற்றி மின்மாற்றி செய்வது மூன்றாவது வழி. இயற்பியல் நண்பருக்கு அதுதான் பிடித்திருந்தது, இரண்டு சுற்றியும் காட்டினார், இரண்டும் ஓடின. எங்களுக்குள் நடந்த முதல் வாக்குவாதம் இங்கேதான். பன்னிரண்டு வளையங்களில், சுற்றுக்குச் சுற்று, இரு கம்பிகளுக்கிடையே உள்ள பூச்சு எங்கும் கீறவில்லை என்று யார் கையெழுத்திடுவது? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உயர் அழுத்தச் சோதனைக் கருவியும் எங்களிடம் இல்லை. நீருக்குள் கைவிடப்போவது நாங்களல்லவே.

இப்படித்தான் மின்தேக்கியிடம் வந்து சேர்ந்தோம். கைப்பேசி மின்னேற்றிகளை உடைத்துப் பார்த்தவர்கள் அந்த நீல நிறப் பீங்கான் வில்லையைக் கண்டிருப்பார்கள். வீட்டு மின்சாரத்துக்கும் மனிதன் தொடும் பக்கத்துக்கும் இடையே நிற்பதற்கென்றே செய்யப்படுவது. அதில் ஒய் 1 என்னும் வகுப்பு 8 கிலோவோல்ட் துடிப்பைத் தாங்கிக் காட்டிச் சான்று பெற்ற பிறகே விற்பனைக்கு வரும். ஒய் 2 வகுப்புக்கு 5 கிலோவோல்ட். சான்று முத்திரை வில்லையின் மீதே அச்சிட்டிருக்கும். நாங்கள் போட இயலாத கையெழுத்தை வேறொருவர் முறையாகச் சோதித்துப் போட்டிருக்கிறார்; அது போதும் என்றாயிற்று.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மின்தேக்கி என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் கொள்ளளவி என்கின்றன. தேக்கி என்றதும் அணையும் ஏரியும் மனத்தில் வரும். ஆனால் எங்கள் வேலையில் அது எதையும் தேக்கப்போவதில்லை, கடத்தப்போகிறது. அதுவும் ஒரு துளியும் குறுக்கே செல்லாமல். இரு தகடுகளுக்கிடையே பீங்கான் அடைத்திருக்க, ஒரு பக்கம் மின்னூட்டம் ஏறினால் மறுபக்கம் அதே அளவு வெளியேறுகிறது. இடைவெளியில் எதுவும் ஓடாமலே ஓட்டம் நிகழும் இந்த விந்தைக்கு மாக்ஸ்வெல் 1861-62ஆம் ஆண்டுகளில் இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்று பெயரிட்டார். நிலையான மின்னழுத்தம் அதைக் கடக்காது. மாறிக்கொண்டே இருப்பது கடக்கும். எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு எளிதாகக் கடக்கும்.

எங்களுக்கு இதை விளக்கிக்கொள்ள உதவியது இறைகூடை. பள்ளத்து நீரை மேட்டு வயலுக்கு இறைக்க, இருவர் எதிரெதிரே நின்று, கூடையின் இரு பக்கக் கயிறுகளையும் பிடித்து வீசி வீசி இறைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீர் ஏறும் என்பது கூடையின் அளவையும் நிமிடத்துக்கு எத்தனை வீச்சு என்பதையும் பொறுத்தது. மேடு உயர உயர, ஒவ்வொரு வீச்சிலும் சிந்தித் திரும்புவது மிகும். எங்கள் சுற்றில் கூடை மின்தேக்கி, வீச்சு அதிர்வெண், மேடு அக்கரைக்கு வேண்டிய வோல்ட். எதிரெதிரே நின்று கயிறு பிடிக்கும் இருவர் செலுத்திச் சில்லின் இரு வெளியீடுகள். ஒன்று மேலே போகும்போது மற்றொன்று கீழே வர வேண்டும். அதே கணத்தில் வர வேண்டும். பட்டறை வழக்கில் டிரைவர் ஐ.சி. என்பதைத்தான் செலுத்திச் சில்லு என்கிறோம். சில்லு என்றால் ஓட்டாஞ்சல்லி. பாண்டி ஆடும் பெண்பிள்ளைகள் கட்டத்துக்குள் எறிவது. எவர் வைத்த பெயரோ, அழகாகப் பொருந்திவிட்டது.

கணக்கு இது. இரு மின்தேக்கிகள், ஒவ்வொன்றும் 1 நானோஃபாரட். வினாடிக்குப் பத்து இலட்சம் சுழற்சி, அதாவது 1 மெகாஹெர்ட்ஸ். அக்கரையில் நான்கு ஷாட்கி டையோடுகளால் ஆன திருத்திப் பாலம். மின்னோட்டம் ஒரு நேரத்தில் இரண்டைக் கடக்கும், ஒன்றுக்கு 0.3 வோல்ட் வரி. செலுத்தும் வோல்ட்டிலிருந்து அக்கரை வோல்ட்டையும் இவ்விரு டையோடுகளின் வரியையும் கழித்து, மிச்சத்தை அதிர்வெண்ணாலும் கொள்திறனாலும் பெருக்கி, இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் மின்னோட்டம் வரும். 5 வோல்ட்டில் செலுத்தி 3.3 வோல்ட் வேண்டுமென்றால் மிச்சம் 1.1 வோல்ட், மின்னோட்டம் 2.2 மில்லிஆம்பியர். தேவை 2. நூலிழைதான், எனினும் போதும். ஷாட்கிக்குப் பதில் சாதாரண சிலிக்கன் டையோடு போட்டால் வரியே 1.3 வோல்ட் ஆகி, மின்னோட்டம் 0.8 மில்லிஆம்பியருக்கு விழுந்துவிடும்.

கூடையைப் பெரிதாக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் அந்த எறும்பு குறுக்கே வந்தது. வீட்டு மின்சாரமும் மாறுமின்சாரம்தான். வினாடிக்கு 50 சுழற்சி. மின்தேக்கி அதையும் சிறிதளவு கடத்தும். 1 நானோஃபாரட் இரண்டு இருக்க, ஏதேனும் பழுதால் ஒரு கரை முழு 230 வோல்ட்டில் நின்றாலும் மறுகரைக்குக் கசிவது 0.14 மில்லிஆம்பியர். மனிதத் தோல் உணரத் தொடங்குவது ஏறத்தாழ அரை மில்லிஆம்பியரில். கூடையை 4.7 நானோஃபாரட் ஆக்கினால் கசிவு 0.68 ஆகும், எறும்பு திரும்பி வரும். எனவே கூடையின் அளவை எங்களுக்காகத் தீர்மானித்தது சில்லு எதுவுமன்று, அந்த உதவியாளரின் கை. 1 நானோஃபாரட், அதற்கு மேல் இல்லை. மின்கடத்துமானியின் ஓட்டம் இதன் வழியே கசிந்து பழைய கதை தொடருமோ என்றும் பார்த்தோம். அது செலுத்தும் 1 கிலோஹெர்ட்ஸுக்கு இவ்விரு மின்தேக்கிகளும் சேர்ந்து காட்டும் தடை 80 கிலோஓம். உவர்நீரின் வழி அதனுடன் ஒப்பிட ராஜபாட்டை. அஞ்ச வேண்டியதில்லை.

கூடை முடிவானது; வீச்சின் விரைவும் முடிவானது. கயிறு பிடிக்க ஆள் தேட வேண்டும்.

555 என்னும் சில்லை அறியாத மின்னணு ஆர்வலர் இல்லை. ஹான்ஸ் கமன்சிண்ட் 1971இல் வடிவமைத்தது. அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்து இன்றும் விற்கிறது. ஆனால் அதன் பழைய வகை தான் உயிரோடிருக்கவே 3 மில்லிஆம்பியர் கேட்கும். 2 மில்லிஆம்பியர் இறைக்க 3 தின்னும் ஆள். அதோடு வெளியீடு ஒன்றுதான். ஒரு கையால் கூடை வீச வராது.

மின்மாற்றிகளைச் செலுத்தவென்றே செய்த எஸ்.என். 6501 போன்ற சில்லுகள் பெயரளவில் எங்கள் வேலைக்கு மிக நெருங்கியவை. தேடினால் முதலில் கண்ணில் படுபவையும் அவையே. ஆனால் அவற்றின் இரு வெளியீடுகளும் கீழ்நோக்கி மட்டுமே இழுக்கும், மேலே தள்ளா. மின்மாற்றியின் நடுமுனையிலிருந்து வரும் மின்சாரம் மேலே தூக்கும் வேலையைச் செய்துகொள்ளும் என்னும் நம்பிக்கையில் அமைந்தவை. மின்தேக்கிக்கு நடுமுனை ஏது?

மாஸ்ஃபெட் வாயில்களைச் செலுத்தும் டி.சி. 4428 அடுத்து வந்தது. ஒரு வெளியீடு நேர், மற்றொன்று எதிர். ஒரே துடிப்பைக் கொடுத்தால் இருவரும் எதிரெதிராக ஆடுவார்கள். உச்ச மின்னோட்டம் 1.5 ஆம்பியர் என்று தரவுத்தாளின் முதல் பக்கமே மார்தட்டும். அந்த முதல் பக்கத்தைப் படித்து மயங்குபவர் பலர். எங்களுக்குத் தேவையானதோ ஆம்பியரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. பயில்வானை அழைத்து வந்து பூப்பறிக்கச் சொன்னால் பறிப்பான்தான். அவன் சாப்பாட்டுச் செலவு நம்முடையது. உள்ளீடு மேலே இருக்கும் பொழுதெல்லாம் அச்சில்லு தனக்கென எடுத்துக்கொள்ளும் மின்னோட்டமே எங்கள் சுமைக்கு நிகராக வந்தது.

நுண்கட்டுப்படுத்தியின் இரு கால்களிலிருந்தே நேரடியாகச் செலுத்திவிடலாம் என்று நண்பர் ஒரு மாலை சொன்னார். சில்லே வேண்டாம், காசும் மிச்சம். உண்மைதான். ஆனால் மின்தேக்கி இருவழிப் பாதை. அருகில் மோட்டார் நிற்கும்போதோ இடி இறங்கும்போதோ இரு கரைகளுக்கிடையே மைக்ரோவினாடிக்கு 1 கிலோவோல்ட் என்னும் விரைவில் அழுத்தம் தாவினால், 1 நானோஃபாரட் வழியே சரியாக 1 ஆம்பியர் திரும்பிப் பாயும். அது நேரே மூளைக்குள் போய் விழ வேண்டுமா என்றோம். நண்பர் அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

இறுதியில் இருவர் நின்றனர். முதலாவது 74 எச்.சி. 86. நான்கு எக்ஸ்ஆர் வாயில்கள் கொண்ட எளிய தருக்கச் சில்லு. ஒரு வாயிலின் இரண்டாம் உள்ளீட்டைத் தரையில் கட்டினால் வந்ததை அப்படியே தரும். 5 வோல்ட்டில் கட்டினால் புரட்டித் தரும். இரண்டும் ஒரே வகை வாயில்களாதலால் தாமதமும் ஏறத்தாழ ஒன்றே. இரு கைகளும் ஒத்து வீசும். தனக்கென எடுப்பது மிகச் சொற்பம். வெளியீடு 0இலிருந்து 5 வரை முழுமையாக ஆடும். நண்பரின் வேட்பாளர் இவர்.

இரண்டாவது ஆர்.எஸ். 485 தொடர்புச் சில்லுகளில் ஒன்றான மேக்ஸ் 485. இது மின்சாரம் இறைக்கப் பிறந்ததன்று. ஆயிரத்து இருநூறு மீட்டர் கம்பியில் செய்தி அனுப்பப் பிறந்தது. அத்தர முறை 1983இல் வெளியானது. தொழிற்கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கம்பி ஓடும்போது இரு முனைகளின் தரையும் ஒன்றாக இராது என்பதை அறிந்தே அதை வகுத்தார்கள். அதனால் இச்சில்லின் வெளியீட்டுக் கால்கள் தரைக்குக் கீழே 7 வோல்ட் வரையும் மேலே 12 வோல்ட் வரையும் வெளியிலிருந்து இழுக்கப்பட்டாலும் தாங்க வேண்டும். தருக்கச் சில்லின் கால்களோ தன் வழங்கியை அரை வோல்ட் மீறினாலே உள்ளிருக்கும் காப்பு டையோடுகள் கடத்தத் தொடங்கும். அவற்றின் வரம்பு 20 மில்லிஆம்பியர்தான். மேக்ஸ் 485க்கு இரு எதிரெதிர் வெளியீடுகள் பிறவியிலேயே உண்டு. அமைதி நிலையில் எடுப்பது அரை மில்லிஆம்பியர் அளவு. வினாடிக்கு 25 இலட்சம் பிட் வரை போகும். எங்கள் 1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 இலட்சம் போதும். ஒரே குடும்பத்தில் மேக்ஸ் 487 என்றொரு தம்பி உண்டு. பார்க்க ஒன்றே போலிருப்பான். வேண்டுமென்றே மெதுவாக நடக்கப் பழக்கியவன். வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

எங்களுக்குள் இரண்டாவது வாக்குவாதம் ஒரு வாரம் நீடித்தது. அடிதாங்கும் ஆள் வேண்டும் என்றது ஒரு கட்சி. அடிதாங்குபவனுக்குக் கை எட்டவில்லை என்றது மறுகட்சி. மறுகட்சி சொன்னதிலும் உண்மை இருந்தது. அந்தத் தாங்குதிறனுக்காக மேக்ஸ் 485இன் வெளியீடு முழு 5 வோல்ட்டைத் தராது. அளந்தால் இரு வெளியீடுகளுக்கிடையே 4.3 வோல்ட்தான் வந்தது. பழைய கணக்கில் போட்டுப் பார்த்தோம். 4.3இலிருந்து 3.3ஐயும் 0.6ஐயும் கழித்தால் மிச்சம் 0.4 வோல்ட்; மின்னோட்டம் 0.8 மில்லிஆம்பியர். பாதிக்கும் குறைவு.

பாலத்துக்குப் பதிலாக இரண்டே டையோடுகளால் ஆன இரட்டிப்பான் போட்டால் தப்பலாம் என்று கணக்குச் சொன்னது. அதே சில்லு, அதே கூடை, 2.35 மில்லிஆம்பியர். ஒரு மாலை முழுக்க அந்த மகிழ்ச்சியில் இருந்தோம். பிறகு நண்பர் தம் சட்டைப்பை வானொலியை அருகே கொண்டுவந்து வைத்தார். நடுவலைப் பட்டை 531இலிருந்து 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. எங்கள் 1000 அதன் நட்டநடுவே. பாலம் போட்ட பலகையின் அருகே அந்த இடத்தில் மெல்ல முனகிய வானொலி, இரட்டிப்பான் போட்ட பலகையின் அருகே ஓலமிட்டது. பாலம் இருபுறமும் ஒத்தது. ஒரு கயிறு மேலே இழுப்பதை மறுகயிறு கீழே இழுத்துச் சமன்செய்ய, அக்கரையின் தரை அசையாமல் நிற்கும். இரட்டிப்பானில் அக்கரையின் தரையே ஒரு கயிற்றில் கட்டப்பட்டு, வினாடிக்குப் பத்து இலட்சம் முறை குதிக்கும். இரு மானிகளும் ஒரே நீரில் நிற்பதால் அந்தக் குதிப்பு நீரின் வழியே பாயும். மில்லிவோல்ட்டை எண்ணும் மிகைப்பானின் வாசலில் போய் முட்டும். எந்தப் பொய்யை நீக்கப் புறப்பட்டோமோ அதையே வேறு வேடத்தில் உள்ளே அழைப்பது போலாகும். இரட்டிப்பானைக் கழற்றி வைத்தோம்.

முடிச்சை அவிழ்த்தவர் மாணவி. எங்கள் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கரைக்கு 3.3 எதுக்கு சார்?" என்றார். எங்களிடம் விடை இல்லை. எல்லோரும் 3.3 என்று எழுதுவதால் தாளிலும் 3.3 என்று இருந்தது. உண்மையில் அங்கே வேண்டுவது என்ன என்று முதன்முறையாக உட்கார்ந்து பார்த்தோம். பி.எச். 7இலிருந்து இருபுறமும் ஏழு அலகு போனாலும் கண்ணாடி முனை தருவது 414 மில்லிவோல்ட்டுக்கு மேலோ கீழோ போகாது. 1.25 வோல்ட்டை நடுவாக வைத்தால் 2.5 வோல்ட்டுக்குள் அது தாராளமாக ஆடும். 2.5 வோல்ட்டில் இயங்கும் மிகைப்பான்கள் உண்டு, நுண்கட்டுப்படுத்திகள் உண்டு, எண்ணிலைத் தனிமைப்படுத்திகளும் உண்டு. மேட்டை 2.5க்குத் தாழ்த்தியதும் மிச்சம் 1.2 வோல்ட் ஆயிற்று. மேக்ஸ் 485, பாலம், 1 நானோஃபாரட், எதையும் மாற்றாமல் 2.4 மில்லிஆம்பியர். கயிறு பிடிப்பவனின் கைநீளத்தைப் பற்றி ஒரு வாரம் சண்டையிட்டிருக்கிறோம். வரப்பின் உயரத்தை ஒருவரும் கேட்கவில்லை.

சுமை குறையும்போது 2.5 மேலே ஏறாமல் தடுக்க எல்.எம். 385 என்னும் ஒப்பீட்டுச் சில்லைக் குறுக்கே கட்டினோம். மின்தேக்கி வழி வரும் மின்னோட்டத்துக்கு இயல்பிலேயே ஓர் உச்சவரம்பு இருப்பதால், மிஞ்சுவதைக் குறுக்கே வடித்துவிடும் இம்முறை இங்கே பொருந்துகிறது. 20 மைக்ரோஆம்பியர் மிஞ்சினாலே அது தன் வேலையைச் செய்யும். அளவைக்கு வேண்டிய ஒப்பீட்டு வோல்ட்டும் அதிலிருந்தே கிடைத்துவிட்டது. ஒவ்வொரு மின்தேக்கிக்கும் முன்னால் 47 ஓம் தடை ஒன்று. திரும்பி வரும் அடியின் வேகத்தைக் குறைக்க. வெப்பத்தில் கொள்திறன் பெரிதும் சரியும் பீங்கான் வகைகள் இருப்பதால், வாங்கிய வில்லைகளைத் தொட்டிக் கொட்டகையின் நண்பகல் வெயிலில் வைத்து அளந்தே சேர்த்தோம். இக்கரையில் செலவு 3 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல். மின்கடத்துமானி உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் பி.எச். மானி இப்போது நூறில் ஓரிரு பங்குக்குமேல் அசைவதில்லை.

மூன்று பலகைகள் ஓடுகின்றன, ஒன்பது இனிமேல். சுற்றுப்படத்தில் தரை 1, தரை 2 என்று நாங்கள் எழுதியிருந்ததை மாணவி அடித்துவிட்டு இக்கரை, அக்கரை என்று எழுதிக்கொண்டார். பலகையிலும் அப்படியே அச்சாகி வந்தது. இரண்டுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செம்பே இல்லாத வெற்றுப் பட்டை. அதைத் தாண்டி நிற்பவை இரு நீல வில்லைகளும் தனிமைப்படுத்தியும் மட்டும். உப்புக்காற்று வீசும் கொட்டகை ஆதலால் அந்த வெற்றுப் பட்டையில் ஈரமும் உப்பும் படிந்தால் அதுவே பாலமாகிவிடும். பற்றவைத்த பிறகு அவ்விடத்தைச் சாராயத்தால் துடைத்து, உலர்த்தி, இருமுறை வார்னிஷ் பூச வேண்டும். அந்த வேலையை உதவியாளர் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பலகையையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் மறுபடியும் பூசுகிறார்.